நான்காம் நிலைக் காலும் ஒன்பதாம் எண் இலையும்

கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறை போகும் சாலையில் ஆடுதுறை வருகிறது. 1922இல் தொடங்கிய நெல் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. ஏடிடி என்ற எழுத்துகளோடு டெல்டா முழுக்க விதைக்கப்படும் ரகங்கள் அந்த வயல்களிலிருந்து வந்தவை. கும்பகோணத்துக்கோ வெற்றிலை, பாத்திரம், டிகிரி காபி ஆகியவற்றோடு இன்னோர் அடையாளமும் நெடுங்காலம் ஒட்டிக்கொண்டிருந்தது: யானைக்கால். பெண் கொடுக்கும்போதும் எடுக்கும்போதும் காலைக் கவனித்துப் பார்த்த தலைமுறை இன்னும் உயிரோடிருக்கிறது.

இந்த இரண்டு இடங்களிலும் ஒரே வகையான வேலை நடந்துவந்திருக்கிறது. நோய் கண்ட ஒன்றைக் கண்ணால் பார்த்து, விரலால் தொட்டு, அதற்கு ஓர் எண் போடுகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் எண் பெறுவது மனிதக் கால். ஆடுதுறை நாற்றங்காலில் நெல் இலை. இரண்டு வேலைக்கும் இயந்திரம் வேண்டியதில்லை. பழகிய கண்ணும், என்ன பார்க்க வேண்டும் என்ற விதியும் போதும். ஆனாலும் மருத்துவர் பயிர் நோயியலாளரின் அளவுகோலைப் பார்த்ததில்லை. அவர் இவருடையதைப் பார்த்ததில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒன்றில் கண்ணுக்குப் படாத ஓட்டை மற்றதில் பளிச்சென்று தெரிகிறது. என் பார்வையில், இலைக்காரர்கள் ஒரு பிழையைக் கண்டு சரிசெய்துவிட்டார்கள். காலுக்கு எண் போடுகிறவர்களும் அதைக் கண்டுவிட்டார்கள். ஆனால் கால் நோயாளிகளுக்கு உதவித்தொகை தரும் அரசாணை அதை இன்னும் காணவில்லை.

முதலில் கால். ஊச்சரேரியா பாங்க்ராஃப்டி என்ற நூல்போன்ற புழு க்யூலெக்ஸ் கொசு வழியாக உடம்புக்குள் நுழைந்து நிணநீர்க் குழாய்களில் குடியேறுகிறது. சாக்கடை, கழிவுநீர்த் தொட்டி, தேங்கி நாறும் வாய்க்கால் ஆகியவை இந்தக் கொசுவுக்குப் பிறந்த வீடு. புழு தங்கிய குழாய் விரிந்து தளர்கிறது. கீழிருந்து மேலே ஏற வேண்டிய நிணநீர் காலிலேயே தேங்குகிறது. வீக்கம் ஒரு நாளில் வருவதில்லை; ஆண்டுக்கணக்கில் வருகிறது.

நோயாளி வந்ததும் மருத்துவர் முதலில் கேட்கும் கேள்வி வீக்கத்தின் அளவைப் பற்றியதல்ல. "காலைல எந்திரிக்கும்போது வீக்கம் வடிஞ்சிருக்காம்மா?" என்பதுதான். "வடியுது டாக்டர், சாயங்காலம் மறுபடி ஏறிடுது" என்று பதில் வந்தால், கட்டைவிரலால் முன்கால் எலும்பின் மேல் சற்று நேரம் அழுத்தி எடுத்துப் பார்ப்பார். குழி விழுந்து, காலை உயர்த்திப் படுத்தால் வீக்கம் இறங்கிவிடுகிறது என்றால் அது முதல் நிலை. உயர்த்தி வைத்தாலும் இறங்கவில்லை, ஆனால் தோல் இன்னும் மாறவில்லை என்றால் இரண்டாம் நிலை. வீக்கம் நிலைத்து, அழுத்தினால் குழி விழாமல், தோலும் தடித்துவிட்டால் மூன்று. தடித்த தோலின் மேல் முடிச்சும் மருவுமாகக் கிளம்பிவிட்டால் நான்கு. ஊர் வாயில் யானைக்கால் என்பது இந்த நான்காவதுதான். முதல் மூன்றையும் ஊர் 'கால் வீக்கம்' என்று சொல்லிக் கடந்துவிடும். சில சமயம் அதைக்கூடச் சொல்லாது, புடவைக் கரையை ஒரு அங்குலம் இறக்கிக் கட்டிக்கொண்டு விடுவார்கள்.

இந்த நான்கு போதாது என்று நினைத்தவர்களும் உண்டு. பிரேசிலின் ரெசிஃபி நகரில் யானைக்கால் நோயாளிகளோடு நெடுங்காலம் வேலை செய்த ஜெருசா ட்ரையரும் கூட்டாளிகளும் 2002இல் ஏழு நிலைகள் கொண்ட ஒரு வரிசையை வெளியிட்டார்கள். இரவில் வடியும் வீக்கம், வடியாத வீக்கம், மேலோட்டமான தோல் மடிப்பு, முடிச்சுகள், அடி தெரியாத ஆழ்ந்த மடிப்பு, பாசி படர்ந்தது போன்ற தோல், கடைசியாக ஏழாவது. ஏழாவதன் இலக்கணம் தோலைப் பற்றியதே அல்ல. அந்த மனிதர் தன் அன்றாட வேலைகளைத் தானே செய்ய முடிகிறதா என்பது. ஆறு படி வரை காலைப் பார்த்துவந்த அளவுகோல் ஏழாம் படியில் நிமிர்ந்து ஆளின் முகத்தைப் பார்க்கிறது. கறாரான அறிவியல் கண்ணுக்கு இது ஒழுங்கில்லாத வரிசை. எனக்கு இந்த ஒழுங்கின்மைதான் பிடித்திருக்கிறது.

இனி இலை. நெல் குலைநோயின் இந்திய வரலாற்றில் தஞ்சாவூருக்கு யாரும் விரும்பாத ஓர் இடம் உண்டு. இந்தியாவில் இந்த நோயின் முதல் பேரழிவுத் தாக்குதல் என்று பதிவாகியிருப்பது 1919இல் தஞ்சை டெல்டாவில் நடந்தது. இதற்குக் காரணம் ஒரு பூஞ்சாணம். இரவுக் குளிரும், இலையில் மணிக்கணக்கில் நிற்கும் பனியும், கூடுதலாகப் போட்ட யூரியாவும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம். சம்பாவும் தாளடியும் மார்கழிப் பனியில் நிற்கும்போது விவசாயி காலையில் வரப்பில் நின்று இலையைத் திருப்பிப் பார்ப்பது இதற்காகத்தான்.

பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் 1970களில் நெல்லுக்கான பொது மதிப்பீட்டு முறையைத் தொகுத்தது. உலகெங்கும் நெல் நோயியலாளர்கள் அதையே கையாளுகிறார்கள். இலைக் குலைநோய்க்கு 0 முதல் 9 வரை எண்கள். 0 என்றால் புள்ளியே இல்லை. 1 என்றால் குண்டூசி முனை அளவுப் பழுப்புப் புள்ளி. 2 என்றால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில், சாம்பல் நடுவும் பழுப்பு விளிம்பும் கொண்ட உருண்டைப் புள்ளி, பெரும்பாலும் அடி இலைகளில். அதே புள்ளி மேல் இலைகளிலும் கணிசமாக வந்தால் 3. நான்கில் ஆட்டம் மாறுகிறது: 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ நீண்ட, இரு முனையும் கூரான, கண் வடிவப் புண். அது இலைப்பரப்பில் 4 விழுக்காட்டுக்குள் இருந்தால் எண் 4. அதன் பிறகு பரப்புதான் கணக்கு. 10 விழுக்காடு வரை 5, 25 வரை 6, 50 வரை 7, 75 வரை 8, அதற்கு மேல் 9. ஒன்பதாம் எண் பெற்ற நாற்றங்கால் தூரத்திலிருந்து பார்த்தால் தீயில் கருகியது போலிருக்கும்.

இரண்டிலும் எண் போடுவதற்கு முன் பெயர் வைக்க வேண்டியிருக்கிறது. இதை அவசரப்பட்டுத் தாண்டுகிறவர்கள்தான் அதிகம் தவறுகிறார்கள். இதயக் கோளாறில் வீங்கும் காலும், சிறுநீரகக் கோளாறில் வீங்கும் காலும் அழுத்தினால் குழி விழும். ஆனால் அங்கே பெரும்பாலும் இரண்டு காலும் சமமாக வீங்கும். யானைக்கால் ஒரு காலில் தொடங்கும், அல்லது ஒரு கால் மற்றதைவிட முந்திக்கொள்ளும். வயலிலும் இப்படித்தான். எள் வடிவத்தில் முனை மழுங்கிய புள்ளி செம்புள்ளி நோய். முனை கூர்ந்தது குலைநோய். கதிர் வெளுத்து நின்றால் உடனே குலைநோய் என்று மருந்துக் கடைக்கு ஓடக்கூடாது. கதிரைப் பிடித்து இழுத்துப் பார்க்க வேண்டும். வழுக்கிக்கொண்டு கையோடு வந்து, அடியில் கடித்த தடம் இருந்தால் அது குருத்துப்பூச்சியின் வேலை. வராமல் நின்று, கதிரின் கழுத்தில் கறுத்த வளையம் இருந்தால்தான் குலை. தவறான நோய்க்குப் போட்ட சரியான எண்ணால் யாருக்கும் பயனில்லை.

சரி, இரண்டு அளவுகோல்களும் உண்மையில் எதை அளக்கின்றன? இலை அளவுகோல் பரப்பை அளக்கிறது. இலை என்பது பயிரின் சமையலறை. பச்சை எத்தனை விழுக்காடு போயிற்றோ அத்தனை சோறு குறைந்தது என்பது அதன் நேர்க்கணக்கு. கால் அளவுகோலில் பரப்புக்கு இடமே இல்லை. சுற்றளவை டேப் வைத்து அளக்கலாம், அளக்கிறார்கள். ஆனால் நிலையைத் தீர்மானிப்பது அதுவல்ல. முதல் நிலைக்கும் இரண்டாம் நிலைக்கும் நடுவே இருப்பது ஓர் இரவு. படுத்தெழுந்தால் திரும்புகிறதா, திரும்பவில்லையா? அதற்கு மேல் உள்ள நிலைகளும் அதே கேள்வியைத் தோலிடம் கேட்பவைதான்: எவ்வளவு தூரம் வந்துவிட்டாய், இனித் திரும்பிப் போக முடியுமா? ஆகவே கால் அளவுகோல் அளப்பது மீளும் வாய்ப்பை. பார்க்கச் சிறிதாக இருக்கும் இரண்டாம் நிலைக் கால், பார்க்கப் பெரிதாக இருக்கும் முதல் நிலைக் காலைவிட மோசமானது. இலையில் இப்படி ஒரு முரண் வர வழியே இல்லை. அங்கே பெரியது எப்போதும் மோசம்.

எண்களின் இடைவெளியையும் பாருங்கள். இலை வரிசையில் 4க்கும் 5க்கும் நடுவே ஆறு விழுக்காடுதான். 7க்கும் 8க்கும் நடுவே இருபத்தைந்து. கீழே நெருக்கம், மேலே அகலம். இதற்கு ஒரு காரணம் கண்ணின் இயல்பு. ஹார்ஸ்ஃபால், பாரட் என்ற இரண்டு அமெரிக்கப் பயிர் நோயியலாளர்கள் 1945லேயே இதைப் பேசினார்கள்: 3 விழுக்காட்டுக்கும் 6 விழுக்காட்டுக்கும் உள்ள வேறுபாடு கண்ணுக்குத் தெரியும், 43க்கும் 46க்கும் உள்ளது தெரியாது. நோய் குறைவாக இருக்கும்போது கண் நோயைப் பார்க்கிறது. அதிகமாகிவிட்டால் மிச்சமிருக்கும் பச்சையைப் பார்க்கிறது. இன்னொரு காரணம் வேலையின் தேவை. ரகம் தேர்ந்தெடுக்கிறவருக்கு 3க்கும் 5க்கும் உள்ள வேறுபாடுதான் வாழ்வும் சாவும். 8 என்றாலும் 9 என்றாலும் அந்த ரகத்தைத் தூக்கிப் போடத்தான் போகிறார்.

கால் வரிசையில் இது தலைகீழ். மேல் படியில்தான் துன்பம் குவிந்திருக்கிறது. நான்கு நிலை முறை அங்கேதான் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறது: இரண்டு முடிச்சு உள்ள காலும், மடிப்புக்குள் விரல் நுழையாத காலும் இரண்டுமே நான்கு. ட்ரையரின் ஏழு நிலைகள் அந்த மூட்டையைத்தான் பிரித்தன. ஏன் பிரிக்க வேண்டியிருந்தது? ஒன்பதாம் எண் இலையைத் தூக்கிப் போடலாம். நான்காம் நிலைக் காலை உடையவர் நாளைக் காலையும் அதே காலோடுதான் எழுந்திருப்பார். ஆழ்ந்த மடிப்பு இருந்தால் அதற்குள் துணியைச் சுருட்டி விட்டு ஈரத்தைத் துடைக்க வேண்டும். வெறும் முடிச்சு என்றால் அந்த வேலை வேண்டாம். பராமரிப்பு என்று வந்துவிட்டால் மேல் படிகளில் வேறுபாடு பார்த்தே ஆக வேண்டும்.

ஆராய்ச்சி நிலைய நாற்றங்காலில் ஒரு விசித்திரமான வழக்கம் உண்டு. சோதிக்க வேண்டிய ரகங்களை வரிசை வரிசையாக விதைத்து, சுற்றிலும் நடுநடுவிலும் நோய்க்கு எளிதில் விழும் ரகம் ஒன்றை வேண்டுமென்றே விதைப்பார்கள். அது முதலில் விழும். அதிலிருந்து பூஞ்சாண வித்து பறந்து எல்லா வரிசைக்கும் போகும். சோதனை ரகங்களில் எது தாங்குகிறது என்று அப்போதுதான் தெரியும். கோயம்புத்தூரில் உருவான கோ 39 என்ற ரகம் இந்தப் பலியாட்டு வேலைக்கு உலகப் புகழ் பெற்றது. அதே கோயம்புத்தூரில் ஆனைக்கொம்பனிலிருந்து தேர்ந்தெடுத்த கோ 4, குலைநோயைத் தாங்கும் ரகமாகப் பெயர் வாங்கியது. ஒரே ஊர்ப் பிள்ளைகள். ஒன்று அளவுகோலின் மேல் நுனி, மற்றது கீழ் நுனி. ஒன்பதாம் எண் இங்கே தோல்வியல்ல. அது இல்லாவிட்டால் சோதனையே செல்லாது. மனித நோயில் இப்படி ஒரு வரிசையை யாரும் விதைக்க முடியாது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் கால் அளவுகோலைப் படிக்கும்போது அதை மறந்துவிடுகிறோம். வட்டார வாரியாக நிலைகளின் சராசரியைப் போட்டு அறிக்கை எழுதினால் அது இலைக்காரர்களின் பழக்கம். ஒரு ரகத்தின் இருபது செடிகளுக்குச் சராசரி 5 என்றால் அது அந்த ரகத்தைப் பற்றிய செய்தி. இருபது பேரின் காலுக்குச் சராசரி இரண்டரை என்றால் அது யாரைப் பற்றியும் எதுவும் சொல்லவில்லை.

தொற்று விஷயத்துக்கு வந்தால் இரண்டும் எதிரெதிராக நடக்கின்றன. இலை அளவுகோலில் எண் ஏற ஏற, அந்தச் செடி பக்கத்துச் செடிக்கு ஆபத்து. ஒன்றாம் எண்ணின் பழுப்புப் புள்ளியில் வித்து விளையும் நடுப்பகுதி இல்லை. நான்காம் எண்ணின் கண் வடிவப் புண்ணிலோ அந்தச் சாம்பல் நடுவே வித்துப் பண்ணையாகிறது. ஆகவே அந்த ஒரே எண் 'எவ்வளவு கெட்டது' என்பதையும் 'எவ்வளவு பரப்பும்' என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

காலில் இந்த இரண்டும் பிரிந்து கிடக்கின்றன. நான்காம் நிலையில் இருப்பவரின் இரத்தத்தில் பெரும்பாலும் நுண்புழு, அதாவது அந்தப் புழுவின் குஞ்சு, இருப்பதில்லை. அவரைக் கடித்த கொசு வெறுங்கையோடு போகும். எந்த வீக்கமும் இல்லாமல் சைக்கிள் மிதித்துப் போகிற இளைஞரின் இரத்தத்தில் இருக்கலாம். அவர் கால் அளவுகோலில் பூச்சியம். சுகாதாரப் பணியாளர்கள் இரவு எட்டு மணிக்கு மேல் வீடுவீடாக வந்து விரல் நுனியில் இரத்தம் எடுத்தது இந்தப் பூச்சியங்களைக் கண்டுபிடிக்கத்தான், ஏனென்றால் இந்த நுண்புழு இரவில்தான் மேல் இரத்தத்துக்கு வரும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் டிஇசி, அல்பெண்டசோல் மாத்திரைகளை ஊருக்கே கொடுத்ததும் இதே கணக்கில்தான். 'எனக்கென்ன யானைக்காலா, எதுக்கு மாத்திர?' என்று மறுத்தவர்களுக்கு முதலில் விளக்க வேண்டியிருந்தது அவர்களின் காலைப் பற்றியல்ல, கொசுவைப் பற்றி. மறுபக்கம், அந்த மாத்திரையால் தன் வீக்கம் இறங்கும் என்று நம்பி வாங்கி விழுங்கிய நான்காம் நிலைக்காரர்களும் உண்டு. அவர்களுக்கு அது செய்யக்கூடியது மிகக் குறைவு. ஒழிப்புத் திட்டம் வெற்றியடைந்து, இனிப் புதிதாக யாருக்கும் தொற்றாது என்று சான்றிதழே கிடைத்தாலும், ஏற்கனவே வீங்கிய கால்கள் அப்படியே இருக்கும். நெல்லில் அறுவடையோடு அந்தப் போகத்துக் கணக்கு முடிந்துவிடும்.

இப்போது நான் முதலில் சொன்ன ஓட்டைக்கு வருகிறேன். இலை அளவுகோலில் 4 விழுக்காடு என்பது சிறிய நோய். ஆனால் அதே பூஞ்சாணம் கதிர் வெளிவரும் நேரத்தில் கழுத்தில், அதாவது கதிரும் தண்டும் சேரும் கணுவில், கட்டைவிரல் நகம் அளவுக்குப் பிடித்தால் போதும். மொத்தப் பரப்பில் அது ஒரு விழுக்காடுகூட இருக்காது. கதிருக்குப் போகும் வழி அடைபடும். மணி பால் பிடிக்காது. கதிர் முழுவதும் பதர். கழுத்து ஒடிந்து தொங்கும். இலையில் 3 எண் பெற்று விவசாயியை நிம்மதியாகத் தூங்கவிட்ட வயல், கதிரில் அவரைக் கடனாளியாக்கலாம். நோயின் அளவைவிட நோயின் இடம் முக்கியம் என்பதை இலைக்காரர்கள் அறிந்துகொண்டார்கள். அதனால்தான் கழுத்துக் குலைநோய்க்கு அவர்கள் பரப்பை வைத்து எண் போடுவதில்லை. தனி வரிசையே எழுதிவிட்டார்கள். சிறு கிளைகளில் மட்டும் புண் இருந்தால் 1. முதன்மைக் கிளைகள் சிலவற்றில் என்றால் 3. கழுத்தை ஓரளவு சுற்றியிருந்தால் 5. முழுக்கச் சுற்றிவிட்டால் 7 அல்லது 9. இந்த இரண்டையும் பிரிப்பது நிறைந்த மணி 30 விழுக்காட்டுக்கு மேல் தேறியதா இல்லையா என்பது. எவ்வளவு பெரிய புண் என்று அது கேட்கவே இல்லை. வழியை மறித்துவிட்டதா என்று மட்டும் கேட்கிறது.

காலுக்கும் இப்படி ஒரு கழுத்து உண்டு. விரல் இடுக்கு. யானைக்கால் நோயாளியை உண்மையில் படுக்கவைப்பது வீக்கமல்ல, இடையிடையே வரும் காய்ச்சல். திடீரென்று குளிர் நடுக்கம், தொடையிடுக்கில் நெறி கட்டுதல், கால் சிவந்து கொதித்தல், நாலைந்து நாள் எழுந்திருக்க முடியாத வலி. புழுதான் இதைச் செய்கிறது என்று வெகுகாலம் நினைத்தார்கள். பெரும்பாலும் செய்வது பாக்டீரியா என்பது 1990களில் பிரேசிலிலும் கேரளத்திலும் நோயாளிகளைக் கூர்ந்து கவனித்தவர்களால் தெளிவாயிற்று. விரல் இடுக்கின் வெடிப்பு வழியாக அது உள்ளே போகிறது. நிணநீர் ஓட்டம் கெட்ட கால் அதை எதிர்க்க முடியாமல் பற்றி எரிகிறது. ஒவ்வொரு காய்ச்சலும் தோலைக் கொஞ்சம் தடிப்பாக்கிவிட்டுத்தான் போகிறது. இரண்டாம் நிலைக் காலை மூன்றுக்கும், மூன்றை நான்குக்கும் தள்ளுவது பெரும்பாலும் இந்தக் காய்ச்சல்கள்தான்.

டெல்டாவில் அந்த விரல் இடுக்கு எப்படி வெடிக்கிறது? நடவு நாளெல்லாம் சேற்றில் நிற்கும் பெண்ணைக் கேட்டால் சொல்லுவார்: சேற்றுப்புண். நாற்றுப் பறித்து, நட்டு, களை பறித்து, காலையிலிருந்து மாலை வரை தண்ணீரிலேயே ஊறிய பாதத்தில் இடுக்குத் தோல் வெளுத்து உரிந்து கிடக்கும். நல்ல காலில் அது பத்து நாள் அரிப்பு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவிக்கொண்டு மறந்துவிடலாம். புழு கெடுத்த காலில் அது திறந்த வாசல். குலைநோய்ப் பயிரும் யானைக்கால் காலும் ஒரே வயலில் சந்திக்கிற இடம் இதுதான். ஆனால் இரண்டுக்கும் எண் போடுகிறவர்கள் ஒரே வரப்பில் நிற்பதில்லை.

நான்கு நிலை அளவுகோலில் விரல் இடுக்குக்கு ஓர் இடமும் இல்லை. ஆண்டுக்கு எத்தனை முறை காய்ச்சல் வந்தது என்பதற்கும் இல்லை. ஆண்டுக்கு ஐந்து முறை காய்ச்சலில் விழுகிற இரண்டாம் நிலைப் பெண், ஒருமுறைகூட விழாத நான்காம் நிலை முதியவரைவிட அதிக நாள் கூலியை இழக்கிறார். அளவுகோலைக் கேட்டால் அவர் இரண்டு, இவர் நான்கு. (ஆண்களுக்கு வரும் விரைவீக்கம் இந்த வரிசையில் அடியோடு சேரவே இல்லை, அறுவைச் சிகிச்சையால் சரிசெய்யக்கூடியது என்பதால் அது தனிப்பாதையில் போய்விட்டது.) ட்ரையரின் குழு ஏழு நிலைகளோடு சேர்த்து விரல் இடுக்கின் புண்களையும் காய்ச்சலின் எண்ணிக்கையையும் பார்க்கச் சொன்னது இதனால்தான். சிகிச்சை என்று அவர்கள் பரிந்துரைத்ததும் அந்த வாசலை அடைப்பதையே: நாள்தோறும் சோப்பு போட்டுக் கழுவுவது, இடுக்குகளில் ஈரமில்லாமல் ஒற்றி எடுப்பது, புண்ணுக்குக் களிம்பு, காலை உயர்த்தி வைப்பது, செருப்பு. ஆரம்ப சுகாதார நிலையங்களில் நோயாளிகளுக்குத் தொட்டி, குவளை, சோப்பு, துண்டு, களிம்பு அடங்கிய பெட்டி கொடுப்பதும் அந்த வழியில்தான். ஒழுங்காகச் செய்தவர்களுக்குக் காய்ச்சல் குறைகிறது. கால் நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்காமல் போகலாம். காய்ச்சலோ ஐந்திலிருந்து ஒன்றுக்கு இறங்கும். எண்ணைப் பார்ப்பவருக்கு எதுவும் நடக்கவில்லை. வீட்டுக்காரர்களுக்கு எல்லாமே நடந்திருக்கிறது.

எண்ணுக்குப் பணம் ஒட்டிக்கொள்ளும்போது இது வெறும் கோட்பாட்டுப் பேச்சாக இருப்பதில்லை. தமிழக அரசு நான்காம் நிலை யானைக்கால் நோயாளிகளுக்கு மாதந்தோறும் பராமரிப்பு உதவித்தொகை கொடுக்கிறது. 400 ரூபாயாக இருந்தது, பிறகு 1,000 ஆயிற்று. நல்ல திட்டம், இந்தியாவில் பல மாநிலங்களில் இதுவும் இல்லை. ஆனால் மூன்றாம் நிலைக்கு இல்லை. மருக்கள் கிளம்பினால் உண்டு, தோல் வெறுமனே தடித்திருந்தால் இல்லை. மருத்துவம் தன் வசதிக்குப் போட்ட கோடு நிர்வாகத்தின் கையில் வேலியாகிவிட்டது. இதில் ஒரு கொடுமையான தூண்டுதலும் ஒளிந்திருக்கிறது: காலைக் கழுவிப் பேணி நான்கிலிருந்து மூன்றுக்கு இறங்கியவருக்குச் சட்டப்படி என்ன ஆகும்? நான் அறிந்த எந்த மருத்துவரும் இந்தக் கேள்வியை மனமார விரும்ப மாட்டார்.

பயிரிலும் வேலி உண்டு. பேரிடர் நிவாரணத்துக்கு 33 விழுக்காடு இழப்பு வேண்டும். 2015 வரை அது 50 ஆக இருந்தது. மத்திய அரசு குறைத்தது. கிராம நிர்வாக அலுவலரும் வேளாண் உதவி அலுவலரும் சேர்ந்து வயலைப் பார்த்து எழுதும் எண்ணில் 30க்கும் 35க்கும் உள்ள வேறுபாடு, கண் எதைப் பார்க்க முடியும் என்று ஹார்ஸ்ஃபாலும் பாரட்டும் சொன்ன எல்லைக்கு அப்பால் இருக்கிறது. பயிர்க் காப்பீட்டில் இன்னொரு விதம்: பெரும்பாலும் தனி வயலுக்கு எண்ணே இல்லை. அறுவடைச் சோதனை நடத்திக் கிராமத்துக்கோ பிர்க்காவுக்கோ வரும் சராசரி விளைச்சலே எல்லோர் தலைவிதியும். என் வயலில் கழுத்துக்குலை அடித்து, ஊரில் மற்றவர்களுக்கு நன்றாக விளைந்திருந்தால் எனக்கு எதுவும் கிடைக்காது. காலுக்கு மனிதர் மனிதராக எண் போடுகிறார்கள். அதனால் அநியாயம் ஒருவருக்கு நேர்கிறது. வயலுக்கு ஊர் ஊராகப் போடுகிறார்கள். அங்கே யாருக்கு நேர்ந்தது என்றே தெரிவதில்லை. இரண்டில் முதலாவதே மேல் என்பேன். அங்கே குறைந்தபட்சம் எதிர்த்து வாதாட ஓர் ஆள் இருக்கிறார்.

இலைக்காரர்களிடமிருந்து கால்காரர்கள் எடுத்துக்கொள்ளக்கூடியது மிக எளிது. பழைய அளவுகோலை உடைக்க வேண்டாம். பக்கத்தில் இரண்டாவதாக ஒன்றை வைத்தால் போதும். கழுத்துக் குலைநோய்க்குத் தனி வரிசை எழுதியபோது இலை வரிசையை யாரும் அழித்துவிடவில்லை. உதவித்தொகைக்கான சான்றில் 'நிலை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு கட்டங்கள்: கடந்த பன்னிரண்டு மாதங்களில் வந்த காய்ச்சல்கள், இன்றைய விரல் இடுக்கின் நிலைமை. முதலாவதைக் கிராம சுகாதாரச் செவிலியர் வீட்டில் கேட்டே எழுதலாம். இரண்டாவதற்குப் பாதத்தைக் கையில் எடுத்து விரல்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். உதவித்தொகை பெறும் தகுதியை இந்த மூன்று கட்டங்களையும் சேர்த்துத் தீர்மானித்தால், ஆண்டுக்கு ஐந்து முறை காய்ச்சலில் விழும் அந்த இரண்டாம் நிலை நடவுப் பெண்ணும் பட்டியலுக்குள் வருவார். பேணிக் குறைத்துக்கொண்டவரைப் பட்டியலிலிருந்து தள்ளாமல் வைத்திருக்கவும் ஒரு காரணம் கிடைக்கும்.